கத்தரி பட்ட துணி

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டாவது சுற்றுத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, தையற்கடை வாசலில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. ரொக்காயா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். இறங்கியவள் அஸ்து, ரொக்காயாவின் கணவன் மாலிக்கின் மூத்த அக்கா. வெறுங்கையோடு வந்திருந்தால் பயமில்லை. ஆனால் வண்டிக்காரன் பின்பக்கமாகப் போய் ஒரு பெரிய துணிமூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான்.

கடைக் கதவில் பலகை தொங்கத்தான் செய்தது. 'தபாஸ்கிக்கு இனித் துணி எடுப்பதில்லை' என்று ரொக்காயாவே சாயத்தில் எழுதி மாட்டியது. ருஃபிஸ்க் ஊரில் அப்படி ஒரு பலகையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தபாஸ்கி என்கிற பக்ரீத் பெருநாள் நெருங்கிவிட்டால் தெருவுக்குத் தெரு கிடாக்கள் கட்டிக் கிடக்கும், வீட்டுக்கு வீடு புதுத்துணி தைக்கப் போகும். எந்தத் தையற்காரனும் மாட்டேன் என்று சொன்னதாகச் சரித்திரமில்லை. வந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு, 'நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லி, ராத்திரி பகல் பாராமல் மிதித்து, தொழுகைக்குக் கிளம்புகிற நேரத்தில் பித்தான் வைக்காத சட்டையைக் கையில் திணிப்பதுதான் தொழில் முறை. எதிர்க்கடை கோரா மாஸ்டர் பலகையைப் பார்த்த அன்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "பெருநாளுக்குக் கடைய மூடுற தையக்காரி! நாளைக்கு மழை வந்தா கொடக்காரன் லீவு போடுவான்போல."

ரொக்காயா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் கடைக்குள்ளேயே உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தது. ஊமு அவள் பெயர். போன வருஷம்வரை இந்தக் கடையின் பூவேலை மெஷின் அவள் கையில்தான் இருந்தது. பெருநாளுக்கு முந்தின இரவு, எத்தனையோ நாள் தூக்கத்தை மொத்தமாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, ஓடுகிற மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். ஊசி கையை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. அன்றைக்கு அவள் அலறியபோதுகூட ரொக்காயா முதலில் பார்த்தது மெஷினில் இருந்த துணியைத்தான். ரத்தம் பட்டுவிட்டதா என்று. பிறகுதான் கையைப் பார்த்தாள்.

அந்தப் பெருநாளுக்குப் பிறகு கடையிலிருந்த பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சூரியன் சாய்ந்தால் மெஷினுக்கு உறை போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. தபாஸ்கித் துணிக்கு ஒரு கடைசி நாள் உண்டு, அதற்கப்புறம் அரசனே வந்தாலும் எடுக்கக் கூடாது. ஒரே ஒரு மாதத்தை நம்பிப் பிழைக்கிற கடை மற்ற மாதங்களில் ஈயோட்டும் என்பதால், ரொக்காயா அந்த வருஷம் முழுக்க அலைந்து பள்ளிக்கூடச் சீருடை, மருத்துவமனைப் போர்வை, விடுதித் திரைச்சீலை என்று வருஷத்துக்கும் பரவலான வேலைகளைப் பிடித்துவைத்திருந்தாள். கை நிறையவில்லை. ஆனால் யாரும் வேலையை விட்டுப் போகவுமில்லை. ருஃபிஸ்கில் இந்தத் தொழிலில் அது சின்ன விஷயமல்ல.

இப்போது வாசலில் அஸ்து.

"பிலோமென்," என்று ரொக்காயா தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள். "வாசலைக் கொஞ்சம் பாரேன்."

பிலோமென் கடையிலேயே மூத்தவள், தெற்கே காசமான்ஸ் பக்கத்து ஜோலா இனத்துக்காரி. அஸ்துவோ செரேர். இந்த இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம், அடிமையே என்றுகூடக் கூப்பிடலாம். கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அவருக்குத்தான் அவமானம். தன் வாயால் சொல்ல முடியாத ஒரு 'இல்லை'யைப் பிலோமெனின் வாயால் சொல்ல வைத்துவிடலாம் என்று ரொக்காயா கணக்குப் போட்டாள்.

பிலோமென் இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். "யாரு அது? என் அடிமையா? எசமானி வேலை செய்யிற எடத்துக்கு முன் வாசல் வழியாவா வர்றது?"

"அடியே, கள்ளுப்பானை!" அஸ்து தோள்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். "ஒரு மூட்டை அரிசிக்கு உன்ன எங்க தாத்தா வாங்கினாரு. அரிசியும் போச்சு, நீயும் வெளங்கல. வழிய விடு."

"பலகைய படிச்சியா? செரேருக்கு எழுத்து ஏறாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

"ஏறும் ஏறும். உன்ன வித்த ரசீதே எங்க வீட்டுலதான் இருக்கு, படிச்சுக் காட்டவா?"

உள்ளேயிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரொக்காயாவும் சிரித்தாள். கேலி என்பது இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டி. அஸ்து அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு நேராக உள்ளே வந்துவிட்டாள். பிலோமெனின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளிவிட்டு, வெட்டுமேசைக்கு முன்னாலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். வண்டிக்காரன் மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

விசாரிப்புகள் ஆரம்பித்தன. வீட்டில் சுகமா, உடம்பு சுகமா, பிள்ளைகள் சுகமா, மாலிக் சுகமா, வேலை சுகமா. ஒவ்வொன்றுக்கும் 'அல்லாஹ்வுக்கே புகழ்' என்று சொல்லிக்கொண்டே ரொக்காயா மூட்டையைப் பார்க்காமலிருக்க முயன்றாள்.

"பெரிய தம்பி டிக்கெட் எடுத்துட்டான்," என்றாள் அஸ்து. குரல் சட்டென்று தழைந்தது. "இத்தாலிக்குப் போயி எத்தன வருஷம் ஆச்சு, நீயே சொல்லு. அவன் போறப்ப நீ இந்த வீட்டுக்கே வரல. அம்மா மௌத்துக்குக்கூட அவனால வர முடியல. இந்தத் தபாஸ்கிக்கு வர்றான்."

"அல்லாஹ் நல்லபடியா கொண்டுவந்து சேக்கட்டும் அக்கா."

"ஆமீன். வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் ஒரே துணியில வாசல்ல நிக்கணும். எட்டுப் பேரு. நானு, சின்னம்மாங்க ரெண்டு பேரு, தங்கச்சிங்க, நீ." அஸ்து அவள் முழங்காலைத் தொட்டாள். "நடுவுல நீதான் நிக்கப்போற. மருமகளே தையக்காரியா இருக்கறப்ப நான் வேற எவன்கிட்ட போயி நிக்க?"

மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஓட்டுகிற கைகள் இங்கே கேட்டுக்கொண்டிருந்தன என்பது ரொக்காயாவுக்குத் தெரிந்தது.

"அக்கா, நாள் தாண்டிப்போச்சு. உங்களுக்குத் தெரியாததா. பொண்ணுங்ககிட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே. உன் கடை, உன் வாக்கு." அஸ்துவின் பார்வை கடையின் மூலைக்குப் போனது. அங்கே ஒரு பழைய கால்மிதி மெஷின் இருந்தது. ரொக்காயா கடை ஆரம்பித்தபோது, மாலிக்கின் வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்று சொன்னபோது, அஸ்து தன் சொந்த மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தாள். அதைப்பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "துணிய மட்டும் பாரு. நல்லா இருக்கா இல்லியான்னு சொல்லு. அதுக்குமா பலகை?"

மூட்டை அவிழ்ந்தது. கத்தரிப்பூ நிறத்தில் பசேன் துணி. மரக்கட்டையால் அடித்து அடித்துப் பளபளப்பு ஏற்றியது. மடிப்பைத் தூக்கினால் தகடுபோல நின்றது. இப்படி ஒரு சாயம் ரொக்காயாவின் கடைக்கு அந்த வருஷம் வந்ததில்லை. அவள் விரல்கள் தானாக ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தன. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். இதற்கு எந்த நூல் பொருந்தும்? அதே நிறமா, ஒரு பிடி கருத்ததா? கழுத்தில் வெள்ளி நூலில் வேலை செய்தால் எப்படி இருக்கும்?

கறுக்.

மெஷின்கள் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரேயடியாக.

ரொக்காயா தன் கையைப் பார்த்தாள். வலது கையில் கத்தரி. இடது கையில் விரல்நகம் அளவுக்கு ஒரு கத்தரிப்பூ நிறத் துண்டு. கடையில் துணி ஏற்றுக்கொண்டால் அவள் செய்கிற முதல் வேலை அது. மூலையில் ஒரு துண்டு நறுக்கி, நூல் பொருத்தம் பார்க்க ஊசியில் குத்தி வைப்பாள். ஆயிரம் துணிக்குச் செய்த கை, ஆயிரத்தோராவதற்கும் செய்துவிட்டது. ஊர் முழுக்கத் தையற்காரர்களுக்கு அது ஒன்றுதான் கையெழுத்து. கத்தரி பட்ட துணி, வெட்டிய கைக்குச் சொந்தம்.

அஸ்து எழுந்து நின்றாள். முகத்தில் வெற்றிகூட இல்லை, நிம்மதிதான் இருந்தது. அதுதான் ரொக்காயாவை அதிகமாகச் சுட்டது.

"உன் கைக்கு அல்லாஹ் பலம் குடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, பிலோமெனைப் பார்த்து, "அடிமையே, எனக்குக் கழுத்து வேலைய நீ செய். குடிக்காத நேரமா பாத்துச் செய்," என்று போகிறபோக்கில் ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியேறினாள்.

தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"நான் வீட்டுல தைக்கிறேன்," என்றாள் ரொக்காயா. "நான் மட்டும். ராத்திரியில. நீங்க யாரும் தொட வேணாம். உங்களுக்கு வழக்கம்போல நேரத்துக்கு வீடு."

பிலோமென் தன் கத்தரியைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "போன வருஷமும் இப்பிடித்தான் ஆரம்பிச்ச. மொதல்ல உன் மாமியா ஊர்க்காரங்க துணி. அப்புறம் அவங்களுக்குத் தெரிஞ்சவங்க துணி."

"எட்டுதான் பிலோமென். எட்டே எட்டு."

"எட்டு பூபூ அங்கி, கழுத்து வேலையோட. தனியா. பகல்ல இங்க, ராத்திரி அங்க." பிலோமென் சிரித்தாள், ஆனால் கண்ணில் சிரிப்பில்லை. "நீ என்ன, ரெண்டு பொம்பளையா?"

ரொக்காயாவுக்குக் கோபம் வந்தது. "என் கையி, என் தூக்கம். அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

பித்தான் டப்பாவை மூடிவிட்டு ஊமு நிமிர்ந்தாள். அவள் அதிகம் பேசாதவள். "அக்கா, நான் சொல்லட்டுமா? மொத நாள் நீ கண்ணு செவந்து வருவ. ரெண்டாம் நாள் எங்களப் பாத்துச் சீறுவ. மூணாம் நாள் நீ வாசல்ல தடுமாறுறத நாங்க பாப்போம். பாத்துட்டு எப்பிடி வீட்டுக்குப் போறது? ஒரு கை குடுப்போம்னு நாங்களே வருவோம். நீ கூப்பிடவே வேணாம். போன வருஷமும் என்ன நீ கூப்பிடல. நானாத்தான் இருந்தேன்." மடங்காத விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு உம்மேல பயமில்ல. எம்மேலதான் பயம்."

பிலோமென் கத்தரியைத் தன் பைக்குள் போட்டாள். இந்தத் தொழிலில் கத்தரி ஆளுக்குச் சொந்தம். அதைக் கடையில் விட்டுப் போனால் நாளைக்கு வருகிறோம் என்று அர்த்தம். "நாளைக்குக் காலையில அந்த மூட்ட இங்கயோ உன் வீட்டுலயோ இருந்தா, நான் எதிர்க்கடைக்குப் போறேன். கோரா தெனமும் கூப்பிடுறான். கோவத்துல சொல்லல ரொக்காயா. சாகுறதுன்னா அதிகக் கூலி குடுக்குற எடத்துல சாகலாம்ல."

போன் அடித்தது. மாலிக்.

"அக்கா பேசிச்சு," என்றான். சந்தோஷம் குரலில் வழிந்தது. "துணிய எடுத்துக்கிட்டியாமே. நான் பயந்துட்டே இருந்தேன் தெரியுமா? அண்ணன் வர்ற நேரத்துல வீட்டுல மனஸ்தாபம் வந்துருமோன்னு. நீ பெரிய மனசு பண்ணிட்ட."

"மாலிக், நான் அத திருப்பிக் குடுக்கப்போறேன்."

மறுமுனையில் கிடா ஒன்று கத்துவது மட்டும் கேட்டது.

"வெட்டிட்டியாமே."

"ஆமா."

"அப்புறம் எப்பிடித் திருப்புவ?" குரல் இறங்கியது. "ரொக்காயா, ஒரு தடவதானே. எங்க அக்கா உனக்கு என்ன கொறை வச்சிச்சு?"

"ஒரு கொறையும் வைக்கல. அதான் கஷ்டமா இருக்கு."

அவன் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ரொக்காயா போனை வைத்துவிட்டு மூட்டையைக் கட்டினாள்.

அஸ்துவின் வீட்டு முற்றத்தில் மூன்று கிடாக்கள் நின்றன. இரண்டு சின்னம்மாக்களும் பாயில் உட்கார்ந்து காய்ந்த மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ரொக்காயா தலையில் மூட்டையோடு உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. மறுபடியும் விசாரிப்புகள், முதலிலிருந்து, ஒன்றுவிடாமல். செம்பருத்திச் சாறு வந்தது. குடித்தாள்.

"அளவு எடுக்க வந்தியா?" என்றாள் மூத்த சின்னம்மா. "எனக்கு இடுப்பு ஒரு சுத்து கூடியிருக்கு, இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் இறுக்குதுன்னு நான் கத்தக் கூடாது."

ரொக்காயா மூட்டையை அஸ்துவின் முன்னால், தரையில், மெதுவாக வைத்தாள். "அக்கா, என்னால முடியாது."

எவ்வளவோ பேச வேண்டும் என்று வண்டியில் வரும்போது நினைத்திருந்தாள். ஊமுவின் விரலைப்பற்றி, வாக்கைப்பற்றி, அந்தக் கால்மிதி மெஷினைப்பற்றி. வாயில் வந்தது அந்த ஒரு வரிதான்.

அஸ்து மூட்டையைப் பார்க்கவில்லை. "நீதானே வெட்டின?"

"கை பழக்கம். தப்பு என்னுது."

"உன் தப்புக்கு நான் அம்மணமா நிக்கவா?" இப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது. "கத்தரி பட்ட துணிய எவன் தொடுவான் இந்த ஊர்ல? கோராகிட்ட கொண்டு போனா, ரொக்காயா வெட்டினத நான் தைக்க மாட்டேன்னு மூஞ்சியில அடிப்பான். உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதானே கொண்டாந்து போடுற?"

சின்னம்மா மீனைக் கீழே வைத்துவிட்டாள். அஸ்து சொன்னது அத்தனையும் நியாயம். துணியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைத்து வந்தது எவ்வளவு சுயநலம் என்று ரொக்காயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் ஒரு நிமிஷம் அங்கே உட்கார்ந்திருந்தால், சரி தைக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதனால் எழுந்தாள்.

"வாங்க அக்கா. கோரா கடைக்கு நானே வர்றேன். நானே பேசுறேன்."

"நீயா? அவன்கிட்டயா?"

"நான்தானே வெட்டினேன்."

வண்டியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். மூட்டை நடுவில் இருந்தது.

கோரா மாஸ்டரின் கடையில் கால் வைக்க இடமில்லை. துணிக் குவியல்கள் ஜன்னல்வரை ஏறியிருந்தன. மேசைக்கடியில் ஒரு ஆள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் காலைத் தாண்டித் தாண்டி மற்றவர்கள் நடந்தார்கள். கோராவின் கண்கள் ரத்தமாக இருந்தன. எதிர்க்கடைக்காரி தன் வாசலுக்கு வந்து நிற்பதைப் பார்த்ததும் அந்தக் கண்களில்கூட ஒரு வெளிச்சம் வந்தது.

"பாருங்கடா, யாரு வந்திருக்கான்னு! பலகைக்காரி!"

நாலு தலைகள் நிமிர்ந்தன. தெருவிலும் இரண்டு பேர் நின்றார்கள்.

"மாஸ்டர், இது எங்க வீட்டுத் துணி," என்றாள் ரொக்காயா. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "மூலையில கத்தரி போட்டது நான்தான். போடக் கூடாது, போட்டுட்டேன். என் கடையில தைக்க முடியாது. நீங்க எடுத்துக்கணும். நான் கேட்டு நீங்க எடுத்தீங்கன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்குங்க."

"சொல்லாம இருப்பனா?" கோரா துணியைத் தூக்கிப் பார்த்தார். சாயத்தைப் பார்த்ததும் கேலி கொஞ்சம் தணிந்தது. வெட்டிய மூலையைக் கட்டைவிரலால் தடவினார். "இத்துனூண்டுதான். சரி. அதுக்குப் பதிலா ஒண்ணு கேக்குறேன். உன் பிலோமென ராத்திரிக்கு மட்டும் அனுப்பு. கழுத்து வேலைக்கு ஆளில்ல."

"அது முடியாது மாஸ்டர்."

"அட, ராத்திரி மட்டுந்தானே! உன் கடை மூடினப்புறம்."

"முடியாது."

இந்த முறை வார்த்தை சுலபமாக வந்தது. கோரா துணியை மடித்துத் தன் மேசைமேல் வைத்தார். பிறகு அஸ்துவின் பக்கம் திரும்பினார். "பெருநாளுக்கு மொத நாள் வாங்கிக்கலாம்மா. இன்ஷா அல்லாஹ்."

அஸ்து குவியல்களைப் பார்த்தாள். மேசைக்கடியில் தூங்குகிறவனைப் பார்த்தாள். அந்த 'இன்ஷா அல்லாஹ்'வுக்கு என்ன விலை என்று அவளுக்கும் தெரியும். ருஃபிஸ்கில் யாருக்குத் தெரியாது? ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"அளவு?" என்றார் கோரா.

வீட்டுப் பெண்களின் அளவுகள் ரொக்காயாவுக்கு மனப்பாடம். சொல்ல ஆரம்பித்தாள். அஸ்துவின் தோள், நீளம், கை. மூத்த சின்னம்மாவுக்கு இடுப்பு ஒரு சுற்றுக் கூடுதல். இளைய சின்னம்மாவுக்கு ஒரு தோள் இறக்கம், அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கித் தைக்க வேண்டும். தங்கைகள், ஒவ்வொருத்தியாக. கோரா சாக்கட்டியால் மேசை ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசித் தங்கையின் அளவோடு ரொக்காயா நிறுத்தினாள்.

"ஏழுதான் வருது. துணி எட்டுக்கு இருக்கே," என்றார் கோரா.

ரொக்காயா அஸ்துவைப் பார்த்தாள். அஸ்து தலைக்கட்டை அவிழ்த்து, உதறி, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"ஏழுதான்," என்றாள். "மிச்சத்த மடிச்சுத் தனியா வச்சிருங்க."

வெளியே வந்து வண்டியில் ஏறியபிறகும் அவள் ரொக்காயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கெடா அறுக்குற அன்னிக்கு விடியறதுக்குள்ள வந்துரு. வெங்காயம் உரிக்க ஆளு பத்தாது."

"வர்றேன் அக்கா."

"என்னத்த உடுத்திட்டு வர்றதுன்னு நீயே பாத்துக்க."

வண்டி நகர்ந்தது. ரொக்காயா தெருவைக் கடந்தாள். அவள் கடையில் மெஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. கொஞ்சம் முன்னதாகவே எழுந்துவிட்டிருந்தார்கள். பிலோமென் வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். ரொக்காயாவின் வெறுங்கைகளைப் பார்த்தாள், எதிர்க்கடையைப் பார்த்தாள், வழிவிட்டு ஒதுங்கினாள். ரொக்காயா அவளைத் தாண்டி உள்ளே போய், வெட்டுமேசைமேல் தலையை வைத்துச் சாய்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது தூக்கம்.